இரண்டாம் ஹார்ன்

ஜனவரி 4

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நானும் என் வயிற்றுப்புண்ணும் நலம். உங்கள் முழங்காலும் அண்ணியின் இருமலும் எப்படி? அப்பா காலமான பின் இந்த மூன்று வருடத்தில் நாம் எழுதிக்கொண்ட கடிதங்கள் நான்கு. அதில் மூன்று வீட்டுச் சாவியைப் பற்றியவை. இது வேறு விஷயம்.

‘லிப்ட்’ படத்துக்கு இந்த அக்டோபரில் ஐம்பது வயது. எங்கள் ஆர்க்கெஸ்ட்ரா படத்தைத் திரையில் ஓடவிட்டு, பின்னணி இசை முழுவதையும் மேடையில் வாசிக்கப்போகிறது. நடத்துவது நான். அதன் முழு இசைப்பிரதியை, ஸ்கோரை, புதிதாகப் பதிப்பிப்பதும் நான்தான். போன வாரம் இசையமைத்த பெரியவரின் கையெழுத்து ஸ்கோரை மடியில் வைத்துக்கொண்டு படத்தை மறுபடி பார்த்தேன். அந்தக் காலத்து கேங்ஸ்டர் படங்களில் இசை எப்போதும் துப்பாக்கிக்கு முன்னால் ஓடும். இவர் அதைப் பின்னால் நடக்கவிடுகிறார். ஆறு பேர் கோட்டு மாட்டிக்கொள்ளும் காட்சிக்கு செல்லோக்களை விரலால் சுண்டவைத்திருக்கிறாரே, ஒவ்வொரு பித்தானுக்கும் ஒரு சுண்டல். தனியாக உட்கார்ந்து சிரித்தேன்.

ஸ்டுடியோவில் அப்பா ஒவ்வொரு வாத்தியத்துக்கும் பிரித்து எழுதிய தாள்கள் உங்கள் இசை நூலகத்தில் இருக்கின்றன அல்லவா? அவை வேண்டும். லிப்ட் காட்சியில் 41 முதல் 48 வரை எட்டு தாளக்கட்டங்களில், எட்டு பார்களில், இரண்டாம் ஹார்ன் தப்பாக ஊதுகிறது. ஸ்கோரில் இரண்டு ஹார்னுக்கும் ஒரே சுரம். படத்தில் ஒலிப்பது வேறு. தாள் எழுதும்போது நேர்ந்த பிழை. புதிய பதிப்பில் சரிசெய்துவிடலாம் என்றிருக்கிறேன்.

அத்தை முதியோர் இல்லத்தில் சௌக்கியம். போகும்போதெல்லாம் உங்களைக் கேட்கிறாள்: “அந்தக் கறார் பேர்வழி உயிரோட இருக்கானா?”

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

தம்பிக்கு,

கடிதம் கிடைத்தது. முழங்கால், மாடிப்படியைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறது. அண்ணியின் இருமல் நின்றுவிட்டது. உன் வயிறு ஆறட்டும்.

‘சரிசெய்துவிடலாம்’ என்ற சொல்லை மூன்று முறை படித்தேன். பின்வருவதை நீ அறிவாய். எனினும் உன் பதிப்புக் குழுவுக்கு வாசித்துக்காட்ட உதவும் என்பதால் எழுதுகிறேன். ஹார்ன் என்ற அந்தப் பித்தளை ஊதுவாத்தியம், தன் தாளில் உள்ள சுரத்தை ஒலிப்பதில்லை. அதற்கு ஐந்து சுரம் கீழே ஒலிக்கும். ஆகவே ஸ்கோரைப் பார்த்துத் தாள் எழுதுபவர் ஒவ்வொரு சுரத்தையும் ஐந்து ஏற்றி எழுதவேண்டும். முதல் ஹார்னின் தாளில் அப்பா அதைச் செய்தார். இரண்டாம் ஹார்னின் தாளிலும் நாற்பதாவது பார்வரை செய்தார். அடுத்த எட்டு பார்களை ஏற்றாமல் எழுதினார். சேர்ந்து நடக்கவேண்டிய இரு ஹார்ன்களில் ஒன்று ஐந்து சுரம் கீழே போய்விட்டது. இதுவரை நீ சொல்வது சரி.

இனிக் காட்சியைப் பார். ஆறு மாடி. தன்னைக் காட்டிக்கொடுத்த கூட்டாளியைச் சந்திக்கக் கும்பல் தலைவன் மேலே போகிறான். கேமரா அவன் முகத்தைவிட்டு நகர்வதில்லை. கொல்வானா, மன்னிப்பானா என்பது அவனுக்கே தெரியாது. செல்லோக்கள் குரலை அடக்கிக்கொண்டு ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்கின்றன. அப்போது ஹார்ன்கள் நுழைகின்றன: கீழே ஸ, மேலே ப. நடுவே காந்தாரம் இல்லை. இது சுகமா துக்கமா என்று சொல்லவேண்டிய அந்தச் சுரத்தின் நாற்காலி காலியாக இருக்கிறது. அந்த லிப்டுக்குள் நம்மை நிறுத்திவைப்பது அந்தக் காலி நாற்காலிதான். நீ சொல்கிறபடி இரண்டையும் ஒரே சுரத்தில் வைத்தால் கம்பீரமாக இருக்கும். கம்பீரம் எந்தப் போலீஸ் பேண்டு வாத்தியத்திலும் கிடைக்கும்.

அந்த எட்டு பார்களைப் பற்றிப் பெரியவர் முப்பது ஆண்டுகள் பேட்டி கொடுத்தார். வயிற்றிலிருந்து வந்த சுரம் என்றார். ஒருமுறை அதை வானொலியில் கேட்ட அப்பா, “நல்லா சொல்றான்யா” என்றார்.

அத்தையிடம், இருக்கிறேன் என்று சொல்.

அண்ணன்


பிப்ரவரி 9

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் கடிதம் அற்புதம். அதில் பாதியை நிகழ்ச்சி மலரில் திருடிக்கொள்ளப்போகிறேன். ஆனாலும் பதிப்பாசிரியனுக்கு ஒரு தர்மம் உண்டு. எழுதியவர் நினைத்தது ஒன்று, தாளில் வந்தது ஒன்று என்றால், நினைத்ததைத்தான் அச்சிடவேண்டும். மலருக்கு இப்படி எழுதிவைத்திருக்கிறேன்: ‘பிரதி எழுதியவரின் கவனக்குறைவால் ஐம்பது ஆண்டுகளாகத் தவறாக ஒலித்துவந்த எட்டு பார்கள் இப்போது திருத்தப்பட்டுள்ளன.’ பெயர் போடவில்லை. நம் அப்பா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஒன்று மட்டும் உறுத்துகிறது. நாற்பது பார் சரியாக எழுதிய மனிதர் நாற்பத்தொன்றில் ஏன் மறந்தார்? குடிப்பாரா அப்போது? எனக்கு விவரம் தெரிந்தபோது அவர் மருந்துக் கிடங்கில் பெட்டிகளுக்கு விலாசம் எழுதிக்கொண்டிருந்தார். அதற்கு முந்தைய அப்பாவை எனக்குத் தெரியாது.

அந்தத் தாளை அசலாகவே அனுப்புங்கள். பென்சில் குறிகள் இருந்தால் அழிக்கவேண்டாம். அவையும் எனக்கு வேண்டும்.

உங்கள்
தம்பி


ஏப்ரல் 2

தம்பிக்கு,

பதில் தாமதமானது. உடல்நலக் குறைவு ஏதும் இல்லை. எழுத அமர்ந்த ஒவ்வொரு முறையும் எழுந்துவிட்டேன்.

குடிப்பாரா என்று கேட்டிருந்தாய். அவர் வாழ்நாளில் குடித்த ஒரே சரக்கு இருமல் மருந்து. அதையும் அளவுக் கரண்டியில். ஒரு தாளில் எட்டு பார் பிசகியதற்குத் தன் தகப்பனின் வாயை முகர்ந்துபார்க்கத் தோன்றுகிற மகனுக்கு, உயர்கல்வி என்ன செய்துவிடமுடியும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன். ஒலிப்பதிவில் நாற்பத்தோராவது பார் வந்ததும் பெரியவர் கையைத் தூக்கி நிறுத்தினார்.

“ரெண்டாவது ஹார்ன், என்னய்யா வாசிக்கிற?”

“தாள்ல இருக்கறதத்தான் சார்.”

“மறுபடி வாசி.”

வாசித்தார்.

“இன்னொரு தடவ. எல்லாரும் சேந்து.”

மூன்றாம் முறை முடிந்ததும் தாள் எழுதியது யார் என்று கேட்டார். அப்பா எழுந்து நின்றார். பெரியவர், “சரி, உக்காரு. இப்படியே போகட்டும்” என்றார். அது சனிக்கிழமை. திங்கட்கிழமை ஸ்டுடியோ வாசலில் காவலாளி சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். “உங்களுக்கு இனிமே இங்க வேலை இல்லையாம் சார். என்னை ஒண்ணும் கேக்காதீங்க.”

தவறுக்காக ஆளை நீக்குபவர்கள் தவறையும் நீக்குவார்கள். இவர்கள் தவறை வைத்துக்கொண்டு ஆளை நீக்கினார்கள். அது தவறு என்று சொல்ல உரிமையுள்ள ஒருவர் அந்த அறையில் தினமும் வந்து உட்காருவது பெரியவருக்குச் சௌகரியமாக இல்லை. ஐம்பது ஆண்டுகள் கழித்து நீ அந்தத் தவறையும் நீக்கப்போகிறாய். அத்துடன் வேலை பூரணமாகும்.

ஏன் மறந்தார் என்பதற்கு என்னிடம் பதில் இல்லை. தாள் இன்னும் அட்டவணையில் ஏறவில்லை, ஏறியபின் பார்க்கலாம்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

அண்ணன்


ஏப்ரல் 15

அன்புள்ள அண்ணனுக்கு,

திட்டு கிடைத்தது. நலமாகத்தான் இருக்கிறேன். குடியைப் பற்றிக் கேட்டது தப்பு, மன்னியுங்கள். காவலாளி சைக்கிளைப் பிடித்தது எனக்குத் தெரியாது. அப்பா ஒரு நாளும் சொன்னதில்லை.

ஞாயிறன்று அத்தையிடம் கேட்டேன்.

“அத்தை, அப்பாவுக்கு ஸ்டுடியோ வேலை எப்போ போச்சு?”

“நீ வெளிய வந்தே, அது வெளிய போச்சு. ஒரே வாரம்.”

“வாரம்னா?”

“நாளெல்லாம் யாருடா எழுதி வெச்சா. ராசிக்காரன் வந்துட்டான்னு மொதல்ல சொன்னது நான்தான். இன்னமும் அந்தப் பேரு நிக்குதுல்ல?”

“நிக்குது அத்தை.”

“பாத்தியா. நான் வெச்சா நிக்கும்.”

பதினைந்து வயதுவரை ‘ராசி’ என்பது என் செல்லப்பெயர் என்றே நினைத்திருந்தேன். அது கேலி என்று வகுப்பில் ஒருவன் விளக்கம் சொன்னான். அதற்குப் பிறகு நானே என்னை அப்படிக் கூப்பிட்டுக்கொள்ள ஆரம்பித்தேன்; அடுத்தவர் கூப்பிடும்போது வலிக்காது. விடுங்கள், அத்தை வாய் அப்படி.

‘கவனக்குறைவு’ என்பதை எடுத்துவிடுகிறேன். ஆனால் எட்டு பார்களை அப்படியே அச்சிட எனக்கு ஒரு காரணம் வேண்டும். தாளில் ஏதாவது அடையாளம் இருக்கிறதா, அப்பா ஏன் அப்படி எழுதினார் என்பதற்கு? இருந்தால் தொடமாட்டேன். இல்லையென்றால் திருத்துவேன். ஆகஸ்ட் கடைசியில் அச்சுக்குப் போகிறது.

அண்ணிக்கு என் வணக்கம்.

தம்பி (ராசி)


மே 20

தம்பிக்கு,

நாங்கள் நலம். அசல் தாள்கள் அனைத்தும் இத்துடன் தனிப் பெட்டியில். இரண்டாம் ஹார்னின் தாளில் நீ கேட்ட வகையான அடையாளம் எதுவும் இல்லை. நூலக விதிப்படி பென்சில் குறிகள் அழிக்கப்பட்டுள்ளன.

உனக்குச் சரியென்று பட்டதைச் செய்.

அண்ணன்


மே 29

அண்ணனுக்கு,

நலம் விசாரிப்பதை இந்த ஒரு கடிதத்தில் விட்டுவிடுகிறேன்.

நீங்கள் சொல்லும் விதி வாடகைத் தாள்களுக்கானது. ஊர் ஊராகப் போய்வருகிற தாளில் வாத்தியக்காரர்கள் பென்சிலால் கிறுக்குவார்கள். திரும்பி வந்ததும் நூலகர் அழித்துவைப்பார். காப்பகத்தில் இருக்கும் அசலை யாரும் அழிப்பதில்லை. இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கள்தான்.

அதோடு, மற்றத் தாள்கள் எதையும் நீங்கள் தொடவில்லை. முதல் ஹார்னின் தாளில் மீசை வைத்த ஒரு முகம் அப்படியே இருக்கிறது. பஸூன் தாளில் ‘பெரியவர் தூங்குகிறார்’ என்று எவரோ எழுதியது இருக்கிறது. இரண்டாம் ஹார்னின் மூன்றாம் பக்கம் மட்டும் சலவைக்குப் போய்வந்த சட்டை மாதிரி இருக்கிறது.

இவ்வளவு சண்டை போட்டவர் ஒரே வரியில் ‘சரியென்று பட்டதைச் செய்’ என்கிறீர்கள். அங்கே என்ன இருந்தது?

தம்பி


ஜூன் 6

தம்பிக்கு,

இங்கு வெயில் கடுமை. அண்ணி நலம்.

குறிப்பிடத்தக்கதாக ஏதும் இல்லை.

அண்ணன்


ஜூலை 18

அன்புள்ள அண்ணனுக்கு,

சௌக்கியமா? எனக்கு வயிறு மறுபடி தொந்தரவு, மருந்து மாற்றியிருக்கிறார்கள்.

அப்பா பேனாவைத் தொட்டு எழுதுவார், பென்சிலைக் குத்தி எழுதுவார். ஞாபகம் இருக்கிறதா? அவர் பென்சிலால் குறித்துவைத்த பக்கத்தைப் பின்புறம் தடவியே படித்துவிடலாம். நேற்று மேசை விளக்கைப் பக்கவாட்டில் படுக்கவைத்து, மூன்றாம் பக்கத்தை அதன் எதிரே சாய்த்துப் பிடித்தேன். கரி போய்விட்டது, பள்ளம் போகவில்லை.

நாற்பத்தோராவது பாருக்கு மேல், மூன்று சொல், ஒரு நேரம்.

‘ஆண். இருவரும் நலம். 4.10.’

என் பிறப்புச் சான்றிதழில் நேரம் மாலை 3.35. யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து ஸ்டுடியோவுக்குத் தொலைபேசியில் சொல்லி, இன்னொருவர் வந்து அவரிடம் சொல்லியிருக்கிறார். அப்பா அதைக் கையில் இருந்த தாளிலேயே குறித்துக்கொண்டு, விட்ட இடத்திலிருந்து எழுதப் போயிருக்கிறார். அந்தச் சொற்களுக்கு நேர் கீழே இருக்கிற சுரத்திலிருந்து ஏற்றி எழுத மறந்திருக்கிறார். பக்கம் முடியும்வரை எட்டு பார். தாளைப் புரட்டியதும் மறுபடி சரியாகிவிடுகிறது.

அத்தை சொன்னது உண்மை. வாரம்கூட இல்லை, நிமிடம்.

எத்தனை வருடமாக உங்களுக்கு இது தெரியும் என்று கேட்கப்போவதில்லை. கேட்கவேண்டியது வேறொன்று. அப்பா என்னை

வேண்டாம். அண்ணியை விசாரித்ததாகச் சொல்லுங்கள்.

தம்பி


ஆகஸ்ட் 12

அன்புள்ள தம்பிக்கு,

இன்று உனக்கு ஐம்பது. வயிறு எப்படி இருக்கிறது என்று முதலில் எழுது, மற்றவை பிறகு.

நீ பாதியில் நிறுத்திய கேள்விக்குப் பதில் எழுதுகிறேன். ஸ்டுடியோ மூடப்பட்டு அந்தத் தாள்கள் எங்கள் நூலகத்துக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மூன்றாம் பக்கத்தைக் கண்ட அன்றே நகலெடுத்துக்கொண்டு போய் அப்பாவின் முன் வைத்தேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தார்.

“இதை எழுதினது ஞாபகம் இருக்குடா. இதுக்கு அப்புறம் எழுதினது ஒண்ணுகூட ஞாபகம் இல்ல.”

“தம்பிக்கு அனுப்பட்டுமாப்பா?”

“வேண்டாம். உங்க அத்தை சொன்னது நெசம்னு ஆயிடும். அவன் ஏற்கெனவே எல்லாத்தையும் சரிபண்ணிக்கிட்டே திரியறான். பொறந்ததையும் சரிபண்ணணும்னு கெளம்பிடுவான்.”

வேலை போனதற்கு வருத்தமில்லையா என்று கேட்டேன். சிரித்தார்.

“அந்த எட்டு பார் வாசிக்கும்போதெல்லாம் நான் அங்க இல்லடா. ஆஸ்பத்திரில இருக்கேன்.”

இதுதான் அவர் உன்னைப் பற்றிச் சொன்னது. மூன்றாண்டுகளுக்கு முன்பே நான் எழுதியிருக்கவேண்டும்.

என்னைப் பற்றியும் சொல்லவேண்டும். அத்தை அந்தப் பெயரை வீட்டுக்குள் வைத்தாள். அதைத் தெருவுக்கும் பள்ளிக்கும் கொண்டுபோனது நான். எனக்கு அப்போது எட்டு வயது. அப்பாவின் விரல்களில் மைக்குப் பதிலாக மருந்துப் பெட்டிகளின் பசை ஒட்டியிருந்தது எனக்குப் பிடிக்கவில்லை. பழிபோடத் தொட்டிலில் ஒருவன் இருந்தான். வளர்ந்தபின் கோபத்தைப் பெரியவர்மேல் மாற்றிக்கொண்டேன். அவரும் இறந்துவிட்டார். வைக்க இடமில்லாமல் மறுபடி உன்மேல் வைத்தேன். உனக்கு வலிக்கக்கூடாது என்றுதான் அழித்தேன் என்று எழுத ஆசை. அந்தப் பெயரின் கணக்கை யாரும் என்னிடம் கேட்டுவிடக்கூடாது என்பதும் அதில் இருந்தது. முப்பத்தொரு ஆண்டுப் பணியில் ஓர் அசலை நான் அழித்தது இதுவே முதல்முறை. ரப்பர் அந்த மூன்று சொற்களின்மேல் ஒரே சீராகப் போனது. அதுதான் எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

பதிப்பைப் பற்றி இனி நான் ஒன்றும் சொல்லமாட்டேன். அது உன் உரிமை.

மருந்தைத் தவறாமல் சாப்பிடு.

அண்ணன்


அக்டோபர் 30

அன்புள்ள அண்ணனுக்கு,

நலம். வயிறு இப்போது பரவாயில்லை. நீங்களும் அண்ணியும் எப்படி இருக்கிறீர்கள்? நீங்கள் வராதது வருத்தம்தான். முழங்காலைக் குறை சொல்லிக்கொள்கிறேன்.

எட்டு பார்களை நான் தொடவில்லை. முதல் ஒத்திகையில் இரண்டாம் ஹார்ன் வாசிக்கிற பெண் கையைத் தூக்கினாள். எதையும் கொறித்துப் பார்க்காமல் விழுங்கமாட்டாள். நாங்கள் அவளை அணில் என்போம்.

“சார், நாப்பத்தொண்ணுல ஏத்தி எழுத மறந்திருக்காங்க. நான் ஏத்தி வாசிச்சிடட்டுமா?”

“தாள்ல இருக்கறத வாசிங்க.”

“காரணம் சொன்னீங்கன்னா நல்லா வாசிப்பேன் சார்.”

“குழந்தை பொறந்திருக்கு. சேதி இப்பதான் வந்துது.”

அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் மொத்த ஆர்க்கெஸ்ட்ராவும் வரிசையில் நின்று எனக்குக் கைகொடுத்தது. ஐம்பது வயதில் அப்பாவாகிவிட்டேனாம். டிரம்ஸ்காரர் மட்டும், “தைரியம்தான் சார் உங்களுக்கு” என்றார். நான் மறுக்கவில்லை. நிகழ்ச்சியன்று அவள் அதை வாசித்த விதத்தை நீங்கள் கேட்டிருக்கவேண்டும். கீழே ஒருவன் நிற்கிறான், மேலே ஒருவன் நிற்கிறான், நடுவில் யாருமில்லை. லிப்ட் ஆறு மாடி ஏறிமுடிக்கும்வரை அரங்கத்தில் ஒரு தொண்டைகூடச் செருமவில்லை. சக்கர நாற்காலியில் அழைத்துவந்திருந்த அத்தை மட்டும் அந்தக் காட்சியில் தூங்கிவிட்டாள். விளக்கு போட்டதும், “முடிஞ்சுதா? சுட்டானா இல்லையாடா?” என்றாள்.

பதிப்பின் முதல் பக்கத்தில் பெரியவரின் பெயருக்குக் கீழே, தாள் எழுதியவர் என்று அப்பாவின் பெயர் இருக்கிறது. அதே அளவு எழுத்தில்.

அசல் தாள்களைத் திருப்பி அனுப்புகிறேன். ஓரிடத்தில் நூலக விதியை மீறியிருக்கிறேன். பார்த்துவிட்டு என்ன செய்யவேண்டுமோ செய்யுங்கள்.

உங்கள்
தம்பி


நவம்பர் 12

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டி வந்துசேர்ந்தது. வழக்கப்படி சரிபார்த்துப் பெறுகைக் குறிப்பு எழுதுகிறேன்.

தாள்கள் எண்ணிக்கை சரி. ஓரங்கள் மடங்கவில்லை. முதல் ஹார்ன்: மீசை வைத்த முகம் உள்ளது. பஸூன்: பெரியவர் இன்னும் தூங்குகிறார்.

இரண்டாம் ஹார்ன், மூன்றாம் பக்கம்: நாற்பத்தோராவது பாருக்கு மேல் பென்சில் எழுத்து உள்ளது. பழைய பள்ளத்தின் மேலேயே, ஒரு வளைவும் விலகாமல் எழுதப்பட்டுள்ளது. எழுத்து ஒருவருடையது, கரி இன்னொருவருடையது. அழிக்கப்படவில்லை.

அடுத்த மாதம் நான்கு நாள் விடுப்பு இருக்கிறதென்று அத்தையிடம் சொன்னாயாம். அவள் தொலைபேசியில் அண்ணியிடம் சொல்லிவிட்டாள். மாடி அறையைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறோம். எங்களைக் கேட்டிருந்தாய்.

இருவரும் நலம்.

அண்ணன்